துண்டு வெட்டிய பின்

நாட்பட்ட நோயாளி ஒருவர் ஒரே ஆண்டில் மூன்றாம் முறையும் வைத்தியசாலை விடுதிக்குத் திரும்புகையில், ‘சொன்னபடி மருந்து எடுப்பதில்லை’ என்ற தீர்ப்பு அவர் கட்டிலை அடையுமுன்னரே வழங்கப்பட்டுவிடுகின்றது. இத்தீர்ப்பு வசதியானது, நியாயமானதன்று.

மலையகத் தோட்டங்களிலிருந்து வரும் இருதயச் செயலிழப்பு நோயாளரே இதற்குத் தக்க சான்று. பலங்குன்றிய இருதயம் இரத்தத்தைச் செவ்வனே உந்தமாட்டாமையால் உடலில் உப்பும் நீரும் தேங்கும். கால்வீக்கமாகத் தோன்றிச் சுவாசப்பையில் நீர்கோத்து மூச்சுத்திணறலாக முடியும். இஃது பெரும்பாலும் ஓரிரவில் நேர்வதன்று. இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ நிறை கூடுவதே முன்னெச்சரிக்கை. காலைதோறும் நிறை பார்க்குமாறு வைத்தியர் பணிக்கிறார். எந்த லயக்காம்பிராவில் தராசு இருக்கின்றது? உப்பைக் குறைக்குமாறும் பணிக்கிறார். கருவாடே கறியாகும் வீட்டில் எதைக் குறைப்பது? நீரகற்றும் மாத்திரையின் கதை இன்னும் கொடியது. அதனை விழுங்கினால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். மலசலகூடமற்ற மலையில் நாள்முழுதும் கொழுந்து பறிக்கும் பெண், வேலைநாளில் அதனைத் தவிர்த்துவிடுகிறாள். இதற்கு அறியாமையென்று பெயரிடுவோர் அம்மலையில் ஒரு பகலேனும் நின்றறியாதவர்.

மாதாந்தக் கிளினிக்குக்குச் சென்றால் அன்றைக்குப் ‘பேர்’ இல்லை. அதாவது கூலி இல்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது, வெளியே வாங்குமாறு துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. வாங்க வழியற்றோர் மாத்திரையைப் பாதியாக முறித்து நாட்களை நீட்டினர். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்படும்போது கையில் தரப்படும் அட்டையோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றது. தமிழ் அரசகரும மொழியானது 1987இல்!

நோய் முற்றியமையாற் திரும்புவோரும் உளர். அவர்களை எவ்வேற்பாடும் தடுத்துவிடாது. ஆயினும் ஏனையோரையும் அக்கணக்கிலேயே சேர்த்துவிடுவது மோசடி.

வறிய நாட்டில் வீடுதேடிச் சென்று கவனிப்பது சாத்தியமா என்று வினவுவர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது இந்நாடு செல்வச் செழிப்பிலா இருந்தது? வீடுகளுக்கு மருத்துவமாதை அனுப்பும் வழக்கம் அவ்வழியே வளர்ந்தது. 1940களின் நடுப்பகுதியில் ஒரு லட்சம் பிறப்புக்களுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த தாய் மரணங்கள் இன்று ஐம்பதுக்கும் கீழ் இறங்கியமையில் அவளது கால்நடைக்கும் பெரும் பங்குண்டு. இன்றும் அவள் அதே லயத்துக்கு வருகிறாள். கர்ப்பிணி மருமகளின் நிறையைக் குறித்துக்கொள்கிறாள். அடுத்த காம்பிராவில் கால் வீங்கிப் படுத்திருக்கும் மாமியாரை நிறுத்துப் பார்க்கும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை.