கொடி இறங்கியது, பிடி தளர்ந்ததா? ஆப்பிரிக்காவில் பிரான்ஸ்

2025 ஜூலையில் செனகலில் இருந்த தனது கடைசி ராணுவ முகாமையும் பிரான்ஸ் ஒப்படைத்தது. மாலி, புர்கினா பாசோ, நைஜர், சாட் ஆகிய நாடுகளிலிருந்து அதன் படைகள் ஏற்கெனவே வெளியேறிவிட்டன. இந்த நாடுகளெல்லாம் 1960-லேயே சுதந்திரம் பெற்றவை. பிறகு ஏன் அறுபது ஆண்டுகள் கடந்தும் பிரெஞ்சு ராணுவம் அங்கே இருந்தது?

1830-ல் அல்ஜீர்ஸ் நகரைக் கைப்பற்றியதிலிருந்து ஆப்பிரிக்காவில் பிரான்ஸின் ஆதிக்கம் விரிந்தது. அமீர் அப்துல் காதிர் 1847 வரை எதிர்த்துப் போரிட்டார். நகரின் கெச்சாவா பள்ளிவாசல் தேவாலயமாக்கப்பட்டது; 1962-ல் நாடு விடுதலை அடைந்த பிறகே அங்கு மீண்டும் தொழுகை நடந்தது. எதிர்த்துப் போரிட்டவர்களின் மண்டை ஓடுகள் பாரிஸ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 24 மண்டை ஓடுகள் மட்டும் 2020-ல் தாயகம் திரும்பி அடக்கம் செய்யப்பட்டன.

இரண்டாம் உலகப் போரும், 1954-ல் வியட்நாமின் தியன் பியன் பூவில் கண்ட தோல்வியும், அல்ஜீரிய விடுதலைப் போரும் பேரரசின் முதுகெலும்பை முறித்தன. ஆனால் பிரான்ஸ் முழுமையாக வெளியேறவில்லை. ராணுவ ஒப்பந்தங்களும் நாணயமும் அதன் பிடியைக் காத்தன. 1958-ல் பிரான்ஸின் திட்டத்துக்கு 'வேண்டாம்' என்று வாக்களித்த கினியாவிலிருந்து, பிரெஞ்சு அதிகாரிகள் கருவிகளையும் கோப்புகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மற்ற நாடுகளுக்கு அது ஓர் எச்சரிக்கை.

1945-ல் உருவான சிஎஃப்ஏ பிராங்க் இன்றும் 14 நாடுகளில் புழங்குகிறது. இந்த நாடுகள் தங்கள் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் குறைந்தது பாதியைப் பிரெஞ்சுக் கருவூலத்தில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை பல பத்தாண்டுகள் நீடித்தது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அதை நீக்கும் ஒப்பந்தமே 2019-ல்தான் வந்தது. 1994-ல் இந்நாணயத்தின் மதிப்பு ஒரே நாளில் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, இறக்குமதியை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்கள்தான் அதிகம் அடிபட்டன.

படைகளை வெளியேற்றியதைச் சாஹெல் மக்கள் கொண்டாடியதில் வியப்பில்லை. ஆனால் மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றிலும் இன்று ஆள்வது ராணுவம். பிரான்ஸ் விட்ட இடத்தில் ரஷ்யப் படையினர் நுழைந்திருக்கிறார்கள். எஜமானை மாற்றுவது விடுதலை ஆகாது. தங்கள் நாணயத்தையும் கனிம வளத்தையும் ஆட்சியாளரையும் தாங்களே தீர்மானிக்கும் நாளில்தான் அந்த மக்களின் 1960 முழுமை பெறும்.