வீட்டுக்கும் ஒரு திருப்பணி

திருக்கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடைபெற வேண்டும் என்பது மரபு. குடமுழுக்கு நாளன்று கூடுகிற கூட்டம் பெரிது. அதற்கு முன் மாதக்கணக்கில் நிகழும் திருப்பணியின் ஒழுங்கைக் கவனிப்பவர்கள் சிலரே. முதலில் பாலாலயம் செய்கிறார்கள். மூலவரின் அருட்சக்தியைக் கலசத்திலோ, அத்திப்பலகையில் வரைந்த திருவுருவிலோ எழுந்தருளச் செய்து, வேறோர் இடத்தில் வைத்து நித்திய பூஜையைத் தொடர்கிறார்கள். கோபுரத்துக்குச் சாரம் கட்டினால், உச்சியில் தொடங்கி நிலை நிலையாகக் கீழிறங்கி வர்ணம் தீட்டுகிறார்கள். ஒருபுறம் வேலை நடக்கும். மறுபுறம் தீபாராதனை நடக்கும்.

பெரிய வீட்டுக்கு வர்ணம் பூசும் வேலையை எப்படித் தொடங்குவது என்று மலைத்து நிற்கும் குடும்பங்களுக்கு, நான் அறிந்தவரை இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

ஏற்காட்டில் எங்கள் வீடு என் தந்தையார் காலத்துக் கட்டடம். கருங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, ஓட்டுக் கூரை, ஏழு அறைகள், சுற்றிலும் தாழ்வாரம். வங்கிப் பணியில் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் வெள்ளையடிப்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஓய்வு பெற்று வந்து அமர்ந்தபின், மொத்தமாக ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர் ஒருவரை அழைத்துக் கணக்குக் கேட்டேன். அவர் சொன்ன தொகை என் பத்து மாத ஓய்வூதியத்தை எட்டியது. அதுவும் போக, இருபது நாள்கள் வீட்டைக் காலிசெய்து தர வேண்டும் என்றார். என் துணைவியாருக்கு மூச்சிரைப்பு உண்டு. பெயிண்ட் வாடை அடிக்கும் வீட்டில் அவரால் ஓர் இரவுகூடத் தங்க இயலாது. விளக்கேற்றாமல் வீட்டைப் பூட்டிவிட்டுச் செல்லவும் அவர் இசையமாட்டார்.

கடன் வாங்கலாமே என்றார்கள் நண்பர்கள். நானே எத்தனையோ கடன் மனுக்களில் கையொப்பமிட்டவன். மகளின் படிப்புக்கும், ஒழுகும் கூரைக்கும் கடன் வாங்குவதில் பொருள் உண்டு. வெளிச்சுவரின் வர்ணம் இந்த மலையின் மழையில் வெளுத்தபின்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. எனவே மாதம் ஒரு தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தி, ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று அறைகள் என்று வகுத்துக்கொண்டோம். திருவரங்கத்துக் கோயிலின் இராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமல் நின்றது. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் சுவாமிகள் அதனை எடுத்துச் செய்தபோது, வெவ்வேறு நிலைகளுக்கு வெவ்வேறு உபயதாரர்கள் முன்வந்தார்கள். அப்படித்தான் 13 நிலைகளும் 236 அடியும் எழுந்து, 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்குக் கண்டது. எங்கள் ஏழு அறைகளுக்கு உபயதாரர் நான் ஒருவனே, ஆண்டுகள்தாம் பல.

காலத்தைத் தேர்வதில் சமவெளிக்காரர்களின் வழக்கம் மலைக்கு ஒத்துவராது. அவர்கள் பொங்கலை முன்னிட்டு மார்கழியில் வெள்ளையடிப்பார்கள். ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், மார்கழிக் காலையில் தாழ்வாரத் தூணில் கை வைத்தால் உள்ளங்கை நனைகிறது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் அன்பர்கள் மூடுபனியைப் படமெடுத்து மகிழ்கிறார்கள். அதே மூடுபனி வீட்டுக்காரருக்குச் சுவரில் பாசியாகவும் கரும்பூஞ்சையாகவும் வந்து சேர்கிறது. ஆனியிலிருந்து கார்த்திகை வரை மழையைச் சொல்லவே வேண்டாம். ஆகவே எங்கள் திருப்பணிக் காலம் தை பிற்பகுதியிலிருந்து சித்திரை வரை. அதிலும் காலை பத்து மணிக்குமேல் பனி விலகியபின் தூரிகையை எடுத்து, மூன்று மணிக்கு வைத்துவிட வேண்டும். மே மாதத்தில் மலையுச்சிக் குகைக்கோயிலில் சேர்வராயனுக்கும் காவேரி அம்மனுக்கும் திருவிழா. உறவினர்கள் வருவார்கள். அந்த ஆண்டுப் பங்கு அதற்குள் முடிய வேண்டும் என்பது எங்கள் கெடு.

முதல் ஆண்டு ஒரு சொட்டுப் பெயிண்டும் வாங்கவில்லை. உடைந்த ஓடுகளை மாற்றினோம். மழைநீர்த் தகரக் குழாய்களைச் சரிசெய்தோம். சுவரோரம் மேடாகியிருந்த மண்ணை வெட்டி, நீர் விலகி ஓட வழிசெய்தோம். அண்டை வீட்டார் கேலிசெய்தார்கள். நீர் புகும் வழியை அடைக்காமல் வர்ணம் பூசினால், அந்த வர்ணம் அப்பளம்போல் கொப்பளித்து உதிரும். சுவரில் ஓதம் உள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவர்ப் பக்கம், நீர் முத்துக்கள் இருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால் அது காற்றின் ஈரம். வெயில் வரும்வரை காத்திருந்தால் போதும்.

ஓதமுள்ள பழைய சுவருக்கு எமல்ஷனைவிடச் சுண்ணாம்பே மேல் என்பது என் துணிபு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகுகிறது. ஆனாலும் சுவரின் ஈரம் வெளியேறத் தடையாக நிற்பதில்லை. எமல்ஷனோ பெரும்பாலும் மெல்லிய தோல்போல் சுவரை மூடிவிடும். எங்கள் சமையலறைக்கும் சாமான் அறைக்கும் இன்றும் சுண்ணாம்புதான். காய்ந்த சுவர்களுள்ள அறைகளுக்கு மட்டும் பழைய சுண்ணாம்பைக் காரை தெரியும்வரை சுரண்டி, ப்ரைமரும் பட்டியும் பார்த்து, இரண்டு பூச்சு எமல்ஷன். சுரண்டாமல் மேலே பூசித் தருகிறேன் என்பவரைத் தயங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

பழைய கதவு ஜன்னல்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்னும் மத்திய அரசின் விதி 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளுக்குக் கேடு. நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. தரையை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவர்களும் 440 சதுர அடி, மேற்பரப்பு 120. கதவு ஜன்னலுக்கு ஐம்பது கழித்தால் 510. டப்பாவில் அச்சிட்டிருக்கும் பரப்பளவால் வகுத்துக்கொள்ளுங்கள். ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கிப் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிடுவது நல்லது; ஒரே எண்ணுள்ள நிறமும் டப்பாவுக்கு டப்பா மயிரிழை வேறுபடும். வேலையை இடையில் நிறுத்த நேர்ந்தால் சுவரின் மூலையில் நிறுத்துங்கள். நடுச்சுவரில் நிறுத்தினால் மறுநாள் கோடு தெரியும்.

பூஜையறைக்கு மூன்றாம் ஆண்டு மாசியில் முறை வந்தது. கூடத்தின் வடகிழக்கு மூலையில் மணை போட்டு, கோலமிட்டு, படங்களையும் விக்கிரகங்களையும் எழுந்தருளச் செய்து, ஆறு நாளும் அங்கேயே விளக்கேற்றினார் என் துணைவியார். முறைப்படியான பாலாலயத்துக்கு ஆகமமும் ஆசாரியரும் வேண்டும். இது இல்லத்தார் மனநிறைவுக்காக. எண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் படிந்த சுவரைச் சோப்பு நீரால் இருமுறை கழுவிக் காயவைத்தபின்தான் ப்ரைமர் ஏறியது. கரியின்மேல் நேராகப் பூசினால் பழுப்புக் கறை ஊடுருவி வெளிவரும். பெரிய சேர்வராயன் படத்தைக் கழற்றியபோது, அதன் பின்னால் புகைபடாமல் ஒரு செவ்வகம் இருந்தது: நீலம் கலந்த சுண்ணாம்பு, என் தந்தையார் தம் கையால் மட்டைகொண்டு அடித்தது. “இதையும் சுரண்டிடட்டுங்களாய்யா?” என்று பெயிண்டர் கேட்டார். “வேண்டாம்பா, அது அப்படியே இருக்கட்டும்” என்று எனக்கு முன்பாகவே என் துணைவியார் சொல்லிவிட்டார். படம் இப்போது மீண்டும் அதன்மேல் தொங்குகிறது.

ஆறு அறைகள் முடிந்தன. முன்கூடமும் வடபுற வெளிச்சுவரும் மீதி. பெயிண்டர் தை, மாசி வரை காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறவர். பறிப்பு முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.