கிராபிக்ஸ் கார்டுக்கும் கோடைகாலம் உண்டு

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போது ‘ஓவர்கிளாக்கிங்’ என்ற சொல் காதில் விழுகிறது. கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டை, கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். "கார்டைப் பொசுக்கிவிடுவான் சார், நீங்களாவது சொல்லுங்கள்" என்கிறார் தகப்பனார். "கம்பெனிக்காரன் வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறான் அங்கிள், நமக்கு இது இலவசம்" என்கிறான் பையன். மின்சார ரயில் இன்ஜின்களோடு முப்பத்தைந்து ஆண்டு கழித்தவன் என்ற முறையில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பையனைத் தடுக்க வேண்டாம். ஆனால் இந்த நாக்பூரில் மார்ச் முதல் ஜூன் வரை அதற்கு விடுமுறை விட்டுவிடுங்கள்.

தகப்பனார்களின் பயம் கொஞ்சம் அதிகப்படிதான். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் பையன் நகர்த்தும் அளவுகளுக்குக் கார்டிலேயே எல்லை உண்டு. மிஞ்சிப் போனால் திரை உறையும், கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பும். பையன் சொல்லும் மிச்சமும் பொய்யல்ல. ஒரே தகட்டில் உருவான சிப்புகளும் ஒன்றுபோல் அமைவதில்லை. அவற்றில் சுமாரானதும் வெயில் அறையில் பல ஆண்டு தாங்க வேண்டும் என்று கணக்கிட்டே கம்பெனி வேகத்தைக் குறிக்கிறது. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசரை, போர்டின் துடிப்பை 66-லிருந்து 100-க்கு மாற்றியே 450-ல் ஓட்டினார்கள். அது ஒரு காலம்! இன்றைய கார்டுகள், சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும்வரை தாமே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. பையனுக்கு மிஞ்சுவது ஓரத்துத் துணுக்குத்தான். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டின் குறிப்பு வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ். அதில் 100 ஏற்றினால் ஐந்தரை சதவீதம். விநாடிக்கு 60 படம் ஓடிய விளையாட்டு 63 ஆகும், அதுவும் எல்லாம் கூடி வந்தால்.

ஆனால் அந்த மிச்சம் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பணம் அல்ல. இன்ஜின் மோட்டாரின் பெயர்த்தகட்டில் ஓயாமல் ஓடினால் இத்தனை ஆம்பியர், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இத்தனை என்று இரண்டு கணக்கு இருக்கும். இரண்டாவதை முதலாவதாக நினைத்து ஓட்டினால் காப்புப் பூச்சு வெந்து போகும். 2018-ல் வந்தே பாரத் ரயிலைக் கோட்டா பக்கம் 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் சோதித்தார்கள். பயணிகளோடு ஓட அனுமதித்த உச்ச வேகம் 160. நம் பிள்ளைகள் செய்வது தலைகீழ். ஒருநாள் 180 ஓடியதும் அதையே டைம்டேபிளில் போட்டுவிடுகிறார்கள்!

வெப்பக் கணக்கைப் பாருங்கள். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் ஏற்றினால் சுமார் 33 சதவீதம் கூடுதல் சூடு. அறையில் 28 டிகிரி இருக்கும்போது 70-ல் நிற்கும் சிப், அறை 40 ஆனால் 82-க்குப் போகும். அந்தச் சூட்டில் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜனவரியில் ஏற்றிய ஐந்து சதவீதம் மே மாதத்தில் விசிறிச் சத்தமாகத்தான் மிஞ்சும். வெயிலுக்குத் தண்டவாளத்துக்கே தனி ரோந்து போடுகிறோம், கார்டு எம்மாத்திரம்?

கோடையில் பையனுக்கு வேலை வேண்டுமானால் இதன் எதிர்வித்தையைப் பழகட்டும். அதற்கு அண்டர்வோல்டிங் என்று பெயர். வேகத்தை அப்படியே விட்டுவிட்டு வோல்டேஜை மட்டும் சிறிது சிறிதாக இறக்கி, எங்கே தடுமாறுகிறது என்று கண்டு, அதற்கு ஒரு படி மேலே நிறுத்துவது. சூடும் சத்தமும் குறையும், ஆட்டம் குறையாது. என்னைக் கேட்டால் இதற்குத்தான் கூடுதல் பொறுமை வேண்டும்.

குளிர்காலத்தில் ஏற்றுகிறவர்கள் முதலில் பெட்டியைத் திறந்து தூசு தட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாட் அளவையும் வீட்டு எர்த்திங்கையும் பாருங்கள். பழைய வாடகை வீடுகளில் எர்த் கம்பி பல நேரம் பேருக்குத்தான் இருக்கிறது. டெஸர்ட் கூலரின் ஈரக் காற்று பெட்டியின் மேல் நேராக அடிக்க வேண்டாம். வாரண்டித் தாளைப் பெற்றோரும் ஒருமுறை படித்துவிடுங்கள். 25 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அரை மணி ஓடவிட்டு, வெப்பத்தை நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கடைசியாகத் தாங்கிய அளவிலிருந்து இரண்டு படி இறங்கி நிற்கட்டும். அந்த அமைப்பு கம்ப்யூட்டர் கிளம்பும்போதே ஏறும்படி குறியிட வேண்டாம். ஹோலிக்கு மறுநாள் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, தீபாவளி கழிந்ததும் நோட்டை எடுக்கலாம்.