மட்டி என்று எள்ளாதீர்!

அறிவு மழுங்கியவனை 'மட்டி' என்கிறோம். ஆனால் பழவேற்காட்டு ஏரியிலும், பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்திலும் மணலுக்குள் புதைந்து வாழ்கிறதே மட்டி, அந்தச் சிற்றுயிரைப் பற்றி நாம் அறிந்தது என்ன? அதன் ஓட்டைச் சுட்ட சுண்ணாம்பு நம் முன்னோர் சுவரிலே வெளுத்தது, வெற்றிலையிலே சிவந்தது. அவ்வளவே!

அறிவியல் உலகம் அதனை 'மெரெட்ரிக்ஸ் காஸ்டா' என்கிறது. 1791-இல் ஜெர்மன் அறிஞர் கிமெலின் 'வீனஸ் காஸ்டா' எனப் பெயரிட்டு, அக்கால அறிஞர் மொழியான இலத்தீனில் விளக்கம் எழுதினார். 1799-இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க் 'மெரெட்ரிக்ஸ்' என்னும் பேரினத்தை வகுத்தார். பின்னர் நம் மட்டியும் அதில் சேர்ந்தது. காஸ்டா என்றால் கற்புடையவள். மெரெட்ரிக்ஸ் என்றால் பரத்தை! மாதவியை அறிந்த தமிழருக்கு இது முரணாகத் தோன்றாது.

இலத்தீன் பெயரை நீக்கித் தமிழ்ப் பெயர் சூட்டுக என்று சிலர் முழங்கலாம். அதை நான் ஏற்கவில்லை. மட்டி என்பது பல இனங்களுக்குப் பொதுப்பெயர். ஓரினத்தை உலகெங்கும் ஐயமின்றிக் குறிக்க ஒரே பெயர் வேண்டும். ஆனால் பெயர் வேறு, விளக்கம் வேறு. விலங்கியற் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு, பெயர் இலத்தீன் எழுத்தில் அமைய வேண்டும் என்கிறது. விளக்கத்தை இன்ன மொழியில்தான் எழுத வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. பல நாட்டார் அறிந்த மொழியில் சுருக்கம் தருமாறு பரிந்துரைக்கிறது, அவ்வளவுதான். கதவு திறந்தே கிடக்கிறது, நுழையாதவர் நாமே!

தடித்து வழவழப்பான, முக்கோணச் சாயலுள்ள இரட்டை ஓடு. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். நீரை உறிஞ்சி நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் வாழ்வு. இவற்றைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சமா? மட்டி எடுத்துப் பிழைப்போரின் பட்டறிவு அந்த விளக்கத்தில் ஏற வேண்டும். எப்பருவத்தில் முட்டையிடும், எவ்வளவு வளர்ந்தபின் எடுக்கலாம் என்னும் ஆய்வறிவு அவர்கள் மொழியிலேயே அவர்களிடம் திரும்ப வேண்டும்.

கடலுக்கு எட்டாத எலெக்ட்ரானிக் சிட்டியிலே கணினி பயிலும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். படமும் தமிழ் விளக்கமும் சேர்ந்த தரவுத்தளம் ஒன்றை அமைக்க வல்லவர் நாமல்லவா? வெள்ளாற்றங்கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கே பயிலும் தமிழ் மாணவரோடு கைகோத்து, ஒரு கோடை விடுமுறையில் பத்து இனங்களுக்கேனும் விளக்கம் எழுதுவோம்.

தோழர்களே, முனைவோம்! இல்லையேல் மட்டி என்னும் பட்டம் நமக்கே பொருந்தும்.