ரத்தம் கொடுத்தேன், ரசீது எங்கே?

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் தபால் பதிவேடு எழுதிய கை இது. கால்தாள் மனு வந்தால்கூட எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, ஒப்புகைச் சீட்டு கொடுத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்டவன், என் சொந்த ரத்தத்தை ஒரு துண்டுச் சீட்டு வாங்காமல் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வெட்கத்தில் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், திருவொற்றியூரில் எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் ஒரு ஆராய்ச்சி முகாம். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். "எதுக்கும்மா?" என்றேன். "ரிசர்ச் சார்" என்றது அந்தப் பெண். நாலு பக்க ஆங்கிலப் படிவம். எனக்கு முன்னால் நின்ற மீன்கார அம்மா கைநாட்டு வைத்தார். குழாயில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி ஐஸ் பெட்டியில் போட்டார்கள். என் மனைவியின் முறை வருவதற்குள் ஈரத்தில் என் பெயர் பாதி கரைந்திருந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் குப்பியில் ஒட்டும் சீட்டுக்கும் சபை மரியாதைக்கும் ஒரே சொல்தான்: எத்திகெத். சிறுவயதில் இது எனக்கு விளங்கவில்லை. அந்த மண்டபத்தில் விளங்கிவிட்டது.

"மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் இருக்கு சார்" என்கிறார்கள். வேண்டும்தான். காசிமேட்டில் கேட்டுப் பாருங்கள்: ஐஸ் விட்டு மறுபடி ஐஸில் போட்ட மீன் குழைந்துவிடும். ரத்தத்திலிருந்து பிரித்த சீரமும் அப்படியே. திரும்பத் திரும்ப உருகி உறைந்தால் அதிலுள்ள புரதங்கள் கெடும். அதற்காகத்தான் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து, இரண்டு ஃப்ரீசர்களில் பங்கிட்டு, ஜெனரேட்டரும் வெப்பநிலைப் பதிவேடும் வைப்பது. ஆனால் யாருடையது, எப்போது எடுத்தது, எத்தனை நேரம் வெளியே கிடந்தது என்று தெரியாத குப்பியை எந்தக் குளிரில் வைத்து என்ன பயன்?

வசதி இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி டாக்டர் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். ஐஸ் பெட்டியோடு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அக்கறை இருந்தால் வீட்டு ஃப்ரிட்ஜும் போதும்.

ஆனால் அந்தக் கதையில் ஒரு முள்ளும் உண்டு. எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. சொன்னாலும் புரியாது என்று அன்று நினைத்தார்கள். இன்றும் அதே சாக்கு! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் உயிரியல் மாதிரிகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மாதிரியைச் சேமித்து வைப்பவர் அதற்குக் காவலர்தான். கொடுத்தவர் பின்னால் வேண்டாமென்று விலகிக்கொள்ளலாம். மீன்கார அம்மாவிடம் இதைத் தமிழில் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா?

நமக்கு இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்தது. சாம்பலும் புகையும் தினசரி விருந்தாளிகள். பத்து வருடம் கழித்து, "உங்கள் நோய்க்கும் எங்கள் புகைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார்கள். அன்று நமக்காகப் பேசக்கூடிய சாட்சிகளில் ஒன்று, இன்று ஒழுங்காக எடுத்து வைத்த ரத்தம். பெயர் அழிந்த குப்பி சாட்சி சொல்லாது.

ரத்தமே கொடுக்காதீர்கள் என்று கிளப்பிவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கொடுங்கள். ஆனால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே, ஈரத்தில் அழியாத சீட்டை ஒட்டச் சொல்லுங்கள். எங்கே, எத்தனை காலம் வைப்பார்கள், முடிவை யார் சொல்வார்கள் என்று கேளுங்கள். எண் போட்ட ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

அடுத்த முகாமுக்கும் நான் போவேன். ஒரு கையை ஊசிக்கு நீட்டுவேன், மறு கையை ரசீதுக்கு.