மறதிக்கும் ஒரு பெயர் வேண்டும்

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் போக வேண்டிய ஊரே மறந்து ஒரு பெரியவர் நின்றால், "வயசாயிடுச்சுல்ல..." என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். அரசாங்கமும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 21 வகை ஊனங்களில் பார்க்கின்சன் நோய் இருக்கிறது, டிமென்ஷியா என்ற பெயர் இல்லை.

'மனநோய்' என்ற வகைக்கான விளக்கத்தில் நினைவாற்றல் கோளாறும் வருகிறதே என்று கேட்கலாம். சட்டப்படி சரிதான். ஆனால் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ அப்பாவுக்கு மனநோய் சான்றிதழ் கேட்டு எத்தனை பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்? ஊர் என்ன பேசுமோ என்ற பயத்திலேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். சான்றிதழ் இல்லையென்றால் சலுகையும் இல்லை.

இதைத் திருத்தப் புதுச் சட்டம் தேவையில்லை. அதே சட்டத்தின் 99-வது பிரிவுப்படி மத்திய அரசு ஓர் அறிவிப்பு மூலமே பட்டியலை மாற்றலாம். பிறகு நாடாளுமன்றத்தில் வைத்தால் போதும். மாநில அரசும் பரிந்துரைக்கலாம். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்த தமிழ்நாடு, இந்தக் கடிதத்தையும் எழுதலாமே!