கண் தெரியும்போதே போக வேண்டும்



சிக்கிள் செல் நோயில் கண் பாதிப்பு பற்றிப் போன வாரம் எழுதினேன். வந்த பதில்களில் இரண்டுக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். "அது மலைவாசிகளுக்கு வருவது சார், கடலூர், சிதம்பரத்தில் இருக்கிற நமக்கென்ன?" என்பது ஒன்று. "லேசர் வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடும்" என்பது இன்னொன்று.

நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்நோய் கண்டறியப்பட்டது 1952-இல். அதை ஒழிக்கத் தேசியத் திட்டம் தொடங்கியது 2023 ஜூலை 1 அன்று. இடையில் எழுபது ஆண்டுகள்! "நமக்கென்ன" என்பதற்கு அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலை என்றே இதைச் சொல்வேன். இது பரம்பரை நோய். தாய், தகப்பன் இருவருமே மரபணுவைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மரபணு சாதிச் சான்றிதழ் பார்ப்பதில்லை.

இனி லேசர். அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்கள் விழித்திரையின் ஓரத்து நுண்குழாய்களை அடைக்கின்றன. இரத்தம் கிடைக்காத அந்த இடத்தையொட்டி, விசிறி போலப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை வலுவற்றவை. கசிந்தால் கண்ணுக்குள் இரத்தம். இழுத்தால் விழித்திரையே பிரியும். இரத்தம் எட்டாத ஓரப்பகுதியில் லேசர் புள்ளிகள் வைத்தால் புதுக் குழாய்கள் சுருங்கும், இரத்தக் கசிவு குறையும். எல்லாருக்கும் லேசர் தேவைப்படாது. சிலருக்குக் குழாய்கள் தானாகவே சுருங்கிவிடும். அதை முடிவு செய்ய வேண்டியவர் விழித்திரை மருத்துவர். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

போன பார்வையை லேசர் திருப்பித் தராது. நாமோ முற்றிய பிறகு போகிறோம்; பார்வை திரும்பவில்லை என்றதும் லேசர்மேல் பழி போடுகிறோம். நம் ஊர்ச் சர்க்கரை நோயாளிகளின் கதையும் இதேதான்.

2047-க்குள் ஒழிப்பது, 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது என்பது அரசின் இலக்கு. நல்லது. ஆனால் இரத்தம் பார்த்து அட்டை கொடுப்பதோடு வேலை முடியாது. இரத்தசோகை லேசாக இருக்கும் சில வகைகளில்தான் கண் பாதிப்பு கூடுதல். பிள்ளை தெம்பாக ஓடுகிறது, கரும்பலகை எழுத்து தெரிகிறது என்று இருந்துவிடாதீர்கள். ஓரத்தில் நடக்கும் கேடு, இரத்தம் கசியும் வரை வெளியே தெரியாது.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஆசிரியராக, செவிலியராக இருக்கும் என் மாணவர்களே, நோய் உறுதியான பிள்ளைக்குப் பத்து வயது ஆனதும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கோளாறு இல்லாவிட்டாலும் ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை அனுப்புங்கள். "கண் நன்றாகத்தானே தெரிகிறது" என்று பெற்றோர் சொன்னால், "அதனால்தான் இப்போதே போகச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்.